இரண்டரை மில்லிமீற்றரும் ஒரு பிஸ்கட் அட்டையும்

மட்டக்களப்பு டவுனில் பழைய ஹாட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடக் கொடுத்து வாங்கி வந்த லப்டொப்பின் அடியைக் கழற்றினால், உள்ளே பிஸ்கட் பெட்டியின் ஒரு மூலை இருந்தது. நாலாக மடித்து, மஞ்சள் நிறம் வெளியே தெரிய, டிரைவுக்கு மேலே செருகியிருந்தார்கள். கடையின் பெயர் வேண்டாம். அது ஒரு கடையின் பழக்கம் மட்டுமல்ல என்று பிறகு தெரிந்தது. சுவிஸிலிருந்து ஊருக்கு வந்த மார்கழி லீவில் மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்த அட்டையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

லப்டொப் 2012 காலத்தது. மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி மெமரி, நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் 500 ஜிபி ஹாட் டிஸ்க். ஒன் பண்ணிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாலும் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மெஷின் கிழடாகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். கிழடானது டிஸ்க் மட்டுந்தான். அதன் ஊசி தட்டின் மேல் அங்குமிங்கும் ஓடி, வினாடிக்கு நூறு இடத்தைத் தொட்டு வாசித்தாலே பெரிய காரியம். சாதாரண எஸ்எஸ்டி அதே வினாடியில் ஆயிரக்கணக்கான இடங்களைத் தொடும். விண்டோஸ் எழும்பும்போது பெரிய ஃபைல் ஒன்றை நீளமாக வாசிப்பதில்லை, சின்னச் சின்ன ஃபைல்களைப் பொறுக்கித்தான் எடுக்கிறது. வித்தியாசம் அதனால்தான் அவ்வளவு தெரிகிறது.

சுவிஸில் இப்படி ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோனால் முதலில் ஒரு படிவம் நீட்டுவார்கள். பரிசோதனைக்குத் தனிக் காசு. தரவு அழிந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று கையெழுத்து. பிறகு, “இதைத் திருத்துகிற காசுக்குப் புதுசே வாங்கலாமே” என்று ஒரு சிரிப்பு. ஊரில் அந்தச் சிரிப்பு இல்லை. பதின்மூன்று வருசத்து மெஷினையும் பிழைக்க வைக்கலாம் என்று நம்பி வாங்கி மேசையில் வைக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு கும்பிடு. ஆனால் வைத்த கையோடு சொல்வது ஒன்றுதான்: “போர்மட் அடிச்சுத்தான் தரலாம் அண்ணன். பின்னேரம் வாங்க.”

போர்மட் அடிக்க, அதாவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட, வேண்டிய அவசியமே இல்லை. பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதுசுக்குக் கொப்பி பண்ணலாம். டிஸ்க்கை யூஎஸ்பி துளையில் கொழுவுகிற யூஎஸ்பி–சாட்டா வயர் ஒன்று, குளோனசில்லா போன்ற இலவச மென்பொருள் ஒன்று, பொறுமை. நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகினால் 500 ஜிபியும் இரண்டு மணித்தியாலமளவில் முடியும். கறுப்புத் துளையான யூஎஸ்பி 2 என்றால் நாலு மணித்தியாலத்துக்கு மேல். கடைக்காரருக்கு விண்டோஸ் புதிதாகப் போட அரை மணித்தியாலம் காணும். அந்த நாலு மணித்தியாலம் மேசையை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால்தான் “போர்மட்” முதலில் வாயில் வருகிறது.

அட்டைக்கு வருவோம். பழைய ஹாட் டிஸ்க்கின் தடிப்பு 9.5 மில்லிமீற்றர், எஸ்எஸ்டியின் தடிப்பு 7. நீளமும் அகலமும் ஒன்றே, துளைகளும் அதே இடத்தில். மிஞ்சுவது இரண்டரை மில்லிமீற்றர். அதை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறது, ஒரு பக்கம் பசை பூசியது. முன்பெல்லாம் பல கம்பனிகள் எஸ்எஸ்டி பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பின. இப்போது மலிவான டிரைவுகளில் அது வருவதில்லை. இந்தச் சட்டத்தைவிட முக்கியம், ஹாட் டிஸ்க்கை அணைத்துப் பிடிக்கிற தகரக் கூடும் அதன் நாலு பக்க ஆணிகளும். எம்3 ஆணி, மூன்று நாலு மில்லிமீற்றர் நீளம். பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்டினால் முடிந்தது. கூட்டில் பூட்டிய டிரைவுக்குச் சட்டமும் பெரும்பாலும் தேவையில்லை.

கடையில் அந்தக் கூடு பூட்டப்படவில்லை. நாலு ஆணியும் காணாமல் போயிருந்தன. டிரைவை, டிஸ்க் செருகுகிற துளையான சாட்டா வாயில் தள்ளிவிட்டு, மேலே அட்டையை மடித்து வைத்து, மூடியைப் பூட்டியிருக்கிறார்கள். கடை மேசையில் அழகாக எழும்பியது. கல்லடிப் பாலம் தாண்டி நாவற்குடா வருமட்டும் ஓட்டோவில் குலுங்கியதில் அட்டை நசிந்து டிரைவு நழுவிவிட்டது. வீட்டில் ஒன் பண்ணினால் கறுப்புத் திரை, எழும்புவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி.

ஒரு துண்டு அட்டைக்கு இவ்வளவு கோபமா என்றால், ஓம். சாட்டா வாய் டிரைவைப் பிடித்து வைக்கச் செய்ததல்ல. மின்சாரத்தையும் தரவையும் கடத்துவதுதான் அதன் வேலை, பாரத்தைத் தாங்குவது ஆணியின் வேலை. ஆணி இல்லாவிட்டால் ஒவ்வொரு குலுக்கலும் வாயில்தான் விழும். சில லப்டொப்புகளில் அந்த வாய் நேரே மதர்போட்டில் ஒட்டியிருக்கும். அங்கே ஈயம் வெடித்தால் ஆணிக்குப் பதிலாக மதர்போட்டுக்குக் காசு தேட வேண்டும். அதோடு இது மட்டக்களப்பு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, மேலே மாரி மழை. அப்பளம் டின்னுக்குள்ளேயே நமுத்துப் போகிற ஊரில் பிஸ்கட் அட்டை எத்தனை நாள் விறைப்பாக நிற்கும்?

அடுத்த நாள் கடைக்குத் திரும்பவும் போனது பழைய டிஸ்க்கை வாங்க மட்டும். அதைக் கேட்டால்தான் தருகிறார்கள். கேட்காவிட்டால் அது ஒரு பெட்டிக்குள் போய்விடும், அதில் உங்கள் வங்கிக் கடிதமும் அடையாள அட்டைப் படமும் இருக்கும். ஆணியைக் கேட்டதற்கு, “அது தேவப்படாது அண்ணன்” என்றார்கள்.

பிறகு காத்தான்குடிப் பக்கம் மெயின் றோட்டை ஒட்டிய ஒரு ஒற்றைக் கதவுக் கடை. உள்ளே ஒரு மேசை, ஒரு விளக்கு, செத்த லப்டொப்புகள் சுவரளவுக்கு. இருந்தவருக்கு இருபத்தைந்து வயது வராது. அட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “அண்ணன், பிஸ்கட்டையும் தந்தவங்களா, பொட்டி மட்டுந்தானா?” என்றார். முந்தின நாள் கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

அவர் செய்த முதல் வேலைதான் கவனிக்க வேண்டியது. டிரைவை வாயில் சரியாகத் தள்ளி எழுப்பியதும், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து சி7 என்ற வரியைக் காட்டினார். வாய்க்கும் டிரைவுக்கும் இடையில் தரவு பிழையாகப் போன தடவைகளின் எண்ணிக்கை அது. புது டிரைவில் பூச்சியமாக இருக்க வேண்டியது, மூன்று இலக்கத்தில் நின்றது. அது திரும்பக் குறையாது. ஆகவே எண்ணை எழுதி வைத்து, ஒரு கிழமை கழித்துப் பாருங்கள், கூடியிருந்தால் வாய் பழுது, கூடாவிட்டால் டிரைவு தப்பிவிட்டது என்றார். அதே திரையில் ஓடிய மணித்தியாலமும் எழுதிய ஜிபியும் இருக்கும். புதிது என்று விற்ற டிரைவு உண்மையில் புதிதா என்று காசு கொடுக்க முன் பார்க்கிற இடமும் அதுதான். சுவிஸ் கடையில் இதை யாரும் திரையைத் திருப்பிக் காட்டியதில்லை.

பழைய டிஸ்க்கையும் அதே முறையில் பார்த்தார். சி5 வரியில் எட்டு. வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கிற துண்டுகள் எட்டு என்று அர்த்தம். சாதாரணக் கொப்பி மென்பொருள் அந்த இடத்தில் முட்டி நின்றுவிடும், அல்லது பாதியில் கைவிடும். இப்படியான டிஸ்க்குக்கு டிடி ரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். முதல் சுற்றில் நல்ல இடங்களை மட்டும் அள்ளும், பழுதான இடத்தில் மினக்கெடாது. அடுத்த சுற்றில்தான் பழுதைத் தோண்டும். எங்கே நிற்கிறது என்பதை ஒரு குறிப்புஃபைலில் எழுதிக்கொண்டே போவதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மழைக்காலத்தில் இது சின்ன விசயமல்ல. இந்த வயது லப்டொப்பின் பெற்றரி கரண்ட் போன அடுத்த நிமிடமே படுத்துவிடும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழையது 500 ஜிபி, புதியது 480. பாவித்த இடம் 130 ஜிபிதான் என்றாலும், பெரியதைச் சின்னதுக்குள் அப்படியே கொப்பி பண்ணப் பல மென்பொருள்கள் மறுத்துவிடும். தன்னுடைய 1 டெராபைட் டிஸ்க்குக்கு முதலில் அள்ளி, அங்கே பிழை தேடித் திருத்தும் செக் டிஸ்க் ஓட்டி, பிரிவைச் சுருக்கி, பிறகு எஸ்எஸ்டிக்கு மாற்றினார். முதல் தடவை எழுப்பும்போது பழைய டிஸ்க் எந்தத் துளையிலும் செருகியிருக்கக் கூடாது என்றார். இரண்டிலும் ஒரே அடையாள இலக்கம் இருப்பதால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஒதுக்கி வைத்துவிடும். விண்டோஸுக்கு முன் எழும்புகிற பயோஸ் அமைப்பில், டிஸ்க்கோடு பேசுகிற முறை ஐடிஇ என்ற பழையதாக இருந்தால் ஏஎச்சிஐ என்ற புதியதாக்க வேண்டும், ஆனால் சும்மா மாற்றினால் நீலத்திரை வரலாம். சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பினால் தானாகப் பிடித்துக்கொள்ளும். இதில் ஏற்கெனவே ஏஎச்சிஐதான்.

இவ்வளவும் எதற்கு, புது விண்டோஸில் ஃபைல்களை மட்டும் கொப்பி பண்ணினால் போதாதா? பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவைப் பாவித்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வீட்டுப் பெரியவர் பத்து வருசமாக அடித்து வைத்த கோயில் கணக்கும் காணிக் கடிதங்களும் அந்த எழுத்துருவில்தான். போர்மட் அடித்த விண்டோஸில் பாமினி இல்லை. கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழ். ஃபைல் பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டாம். ஃபைல் பழுதில்லை. பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்று இருப்பதைத் திறந்து, பாமினியை எடுத்துப் புதியதில் போட்டால் எழுத்து திரும்பும். பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டு வந்தவர்களுக்குத்தான் வழியில்லை. முழுதாகக் கொப்பி பண்ணியதால் இங்கே அந்தத் தொல்லையே வரவில்லை.

விண்டோஸ் உரிமத்திலும் அப்படித்தான். டவுன் கடை போட்டது கிராக் செய்த விண்டோஸ். மெஷினில் இருந்ததோ முறையான விண்டோஸ் 10. அந்த உரிமம் பொதுவாக மதர்போட்டோடு சேர்ந்தது, டிஸ்க்கோடு அல்ல. டிஸ்க்கை மாற்றி அதே பதிப்பை மறுபடி போட்டு நெற்றில் கொழுவினால் தானாக உயிர் பெறும். நல்லதைக் கழற்றிக் களவைப் பூட்டி அதற்கும் காசு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்ததும், இந்த வயது மெஷினை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காததும் உண்மைதான். வங்கி வேலை செய்கிறவர்கள் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட்டை யோசிக்கலாம். கணக்கும் கடிதமும் அடிப்பவருக்கு அந்த அவசரமில்லை.

கடைசியில் தகர டின் ஒன்றைக் கொட்டினார். கழற்றிய லப்டொப்புகளின் ஆணிகள், நூற்றுக்கணக்கில். நாலு எம்3 பொறுக்கி, கூட்டைப் பூட்டி, பழைய டிரைவு ஒன்றிலிருந்து உரித்த பிளாஸ்டிக் சட்டத்தையும் ஒட்டினார். செத்த மெஷின் ஒன்றிலிருந்து 4 ஜிபி டிடிஆர்3 மெமரியும் செருகினார், இப்போது 8. இரவு முழுக்க ஓடிய கொப்பிக்கு மட்டும் காசு வாங்கினார். ஆணிக்கு எவ்வளவு என்றதற்கு, “ஆணிக்கெல்லாம் காசா அண்ணன்?” லப்டொப் இப்போது அரை நிமிடத்துக்குள் எழும்புகிறது.

அடுத்த லீவுக்குப் போகிறவர்களுக்கு: அன்பளிப்பாக எஸ்எஸ்டி கொண்டுபோவதென்றால், சூயிங்கம் பட்டை மாதிரியான என்விஎம்இ டிரைவை வாங்காதீர்கள். 2012 லப்டொப்பில் அதைச் செருக இடமே இல்லை, கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் கிடக்கும். இரண்டரை அங்குலச் சாட்டா, 480 அல்லது 500 ஜிபி. டிவிடி இருந்த இடத்தில் இரண்டாவது டிஸ்க் கொழுவுகிற சட்டம் வாங்குவதானால் முதலில் டிவிடியின் தடிப்பை அளக்கச் சொல்லுங்கள், 9.5, 12.7 என்று இரண்டு உண்டு. எஸ்எஸ்டியை அங்கே போடாமல் உள்ளே போட்டு, பழைய டிஸ்க்கைத்தான் டிவிடி இடத்துக்கு மாற்ற வேண்டும். அந்த இடத்து வேகம் பலவற்றில் பாதி. ஏழுக்கு ஒன்பதரைச் சட்டம் ஒன்று, எம்3 ஆணி நாலு, சின்னப் பையில். பெற்றரி ஊரில் அசல் தேடுவது கஷ்டம். கொண்டுபோனால் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் வைத்தால் எயாப்போட்டில் எடுத்துவிடுவார்கள்.

சி7 எண் ஒரு கிழமையின் பின்னும் அதேதான் நின்றது. அட்டை நாவற்குடா வீட்டு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.