இட்லியை எண்ணிப் பார்த்துக் கொடுத்த வீட்டுக்கடன்

நானும் என் வீட்டுக்காரரும் கொரட்டூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினோரு வருடமாக டிபன் கடை நடத்துகிறோம். 2025 ஜூனில் திருமுல்லைவாயலில் 510 சதுர அடி பழைய ஃப்ளாட் ஒன்றை 20 லட்சத்துக்கு வாங்கினோம். கடன் கொடுத்தது அம்பத்தூரில் கிளை வைத்திருக்கும் ஒரு சின்ன வீட்டுக்கடன் நிறுவனம். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரை எழுதவில்லை. எங்களைப் போல சம்பளச் சீட்டு இல்லாமல், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரும் கெட்டுப்போய் நிற்கிறவர்களுக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

முதலில் இரண்டு வங்கிகளுக்குப் போனோம். ஒன்றில் வருமான வரிக் கணக்கு கேட்டார்கள், எங்களிடம் இல்லை. இன்னொன்றில் ஸ்கோரைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஸ்கோர் 612. சிபில் 300-லிருந்து 900 வரை போகும், 750 இருந்தால்தான் வங்கியில் மரியாதை. கொரோனா சமயத்தில் கடை மூடியிருந்தபோது கிரெடிட் கார்டில் 41,000 பாக்கி நின்றது. 18,000 கட்டினால் முடித்துவிடலாம் என்று போனில் சொன்னார்கள், கட்டினோம், முடிந்தது என்று நினைத்தோம். சிபில் அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று ஏறியிருந்தது. அப்படி இருந்தால் கடனை முழுதாகக் கட்டவில்லை என்று அர்த்தமாம். ஐந்து வருடம் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

அம்பத்தூர் கிளையில் எங்கள் ஃபைலை எடுத்துக்கொண்ட தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எடுத்த எடுப்பிலேயே அவர் சொன்னது, "அக்கா, இனிமே வேற எங்கேயும் அப்ளை பண்ணாதீங்க. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஸ்கோர் இன்னும் இறங்கும்." அப்புறம் இலவச அறிக்கையை எடுக்கச் சொன்னார். நம் கடன் விவரங்களைச் சேர்த்து ஸ்கோர் போடும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் காசில்லாமல் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் பார்த்தால், எப்போதோ கட்டி முடித்த செல்போன் தவணை இன்னும் பாக்கி என்று இருந்தது. ரசீதை இணைத்துப் புகார் போட்டோம். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. எங்களுக்கு 26 நாளில் திருத்திவிட்டார்கள். கார்டில் விட்டுப்போன 23,000-ஐயும் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கினோம். ஸ்கோர் 648 ஆனது. அவ்வளவுதான் ஏறியது, ஆனால் அந்தக் கடிதம் ஃபைலில் பேசியது.

இனி இந்த நிறுவனத்தை நான் மனதாரப் பாராட்டும் விஷயம். வருமானத்துக்குக் காகிதம் இல்லை என்றதும் அந்தத் தம்பி கடைக்கே வருகிறேன் என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வந்து, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இட்லிக்கு ஒரு வரிசை, பொங்கலுக்கு ஒன்று, வடைக்கு ஒன்று, பார்சலுக்குத் தனியாக ஒன்று. தட்டு போகப் போகக் கோடு போட்டுக்கொண்டே இருந்தார், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து. நடுவில் ஒரு டீ கொடுத்தேன். குடித்தார், அதற்கும் காசை எடுத்து வைத்துவிட்டார். ஒன்பதரைக்குக் கணக்கைக் கூட்டினார். அன்று மட்டும் 412 இட்லி.

அதோடு விடவில்லை. மாதத்துக்கு எத்தனை மூட்டை இட்லி அரிசி, எவ்வளவு உளுந்து, 19 கிலோ சிலிண்டர் எத்தனை என்று கேட்டு மண்டி பில்லையும் கேஸ் பில்லையும் போட்டோ எடுத்தார். ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை இட்லி வரும் என்று கேட்டு, தான் எண்ணியதோடு ஒத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார், ஏனென்றால் லீவு நாளில் வியாபாரம் பாதிதான். செலவெல்லாம் போக மாதம் 46,000 நிற்கிறது என்று அவர் எழுதியபோது என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். இத்தனை வருடத்தில் எங்கள் உழைப்பை யாரும் இப்படி உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில்லை.

கடன் 16 லட்சம், 20 வருடம், மாறும் வட்டி 12.5 சதவீதம், மாதத் தவணை கிட்டத்தட்ட 18,180 ரூபாய். வட்டி அதிகம்தான். இதே தொகை 8.5-க்குக் கிடைத்திருந்தால் தவணை 14,000-க்குள் இருந்திருக்கும். கெட்டுப்போன சிபிலுக்கு மாதம் நாலாயிரத்துக்கு மேல் கட்டுகிறோம். இதைத் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டோம்.

கைக்காசுதான் எங்களைத் திணறடித்தது. 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஸ்கோருக்கு 80-தான் என்றார்கள். மீதி 4 லட்சத்தைச் சீட்டுப் பணத்தில் சேர்த்து வைத்திருந்தோம். அதற்கு மேலே வந்ததுதான் அடி. பழைய ஃப்ளாட் என்பதால் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 1,80,000. இது கடனில் சேராது. பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் சலுகை 10 லட்சத்துக்குள் இருக்கும் சொத்துக்குத்தான், எங்களுக்கு இல்லை. பிராசசிங் கட்டணம் ஜிஎஸ்டியோடு 37,760. அடமானப் பத்திரப் பதிவு, வக்கீல், இன்ஜினியர், பத்திரம் எழுதியவர் என்று இன்னும் முப்பதாயிரம். மொத்தம் ஆறரை லட்சத்தை நெருங்கியது. எங்களிடம் இருந்தது 4,75,000.

நகையை அடகு வைக்கலாம் என்றேன். "வேண்டாம்க்கா, நகைக்கடனும் சிபில்ல ஏறும், அதையும் கடன் கணக்குல சேர்ப்பாங்க" என்றார் தம்பி. அம்மா எனக்குப் போட்ட இரண்டு வளையலை விற்றேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

குறைகளும் உண்டு. கையெழுத்துப் போடும் அன்று கடன் தொகை 16,52,000 என்று இருந்தது. கேட்டால், அந்த 52,000 காப்பீடாம், ஒரே தவணையில் கடனோடு சேர்த்துவிட்டார்களாம். யாரும் முன்னால் சொல்லவில்லை. கட்டாயமா என்று கேட்டேன், எல்லாரும் போடுகிறார்கள் என்றார் மேனேஜர். "கட்டாயம்னு எழுதிக் கொடுங்க சார்" என்றேன். அரை மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டுப் புதுத் தாள் கொண்டு வந்தார்கள். நல்லவேளை, கடனின் முழு விவரத்தையும் ஓரிடத்தில் காட்டும் முக்கிய விவர அறிக்கையை 2024 அக்டோபரிலிருந்து எல்லாரும் தந்தாக வேண்டும். அதை வரி வரியாகப் படித்ததால்தான் கண்ணில் பட்டது. வாயால் 12.5 சதவீதம் என்று சொன்ன வட்டி, கட்டணமெல்லாம் சேர்ந்து அதில் 13-ஐத் தொட்டிருந்தது. என் வீட்டுக்காரர் பெயரில் பிறகு தனியாக ஒரு டேர்ம் பாலிசி என்கிற ஆயுள் காப்பீடு எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்று, சொன்ன தேதிக்குக் கடன் பணத்துக்கான டிடி (வங்கி வரைவோலை) வரவில்லை. வீட்டை விற்ற பெரியவர் ஆவடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வீணாக ஒரு நாள் அலைந்தார். நாங்கள்தான் மன்னிப்புக் கேட்டோம், கிளையிலிருந்து ஒரு போன்கூட இல்லை.

பத்திரம் பார்த்ததில் குறை சொல்ல மாட்டேன். வில்லங்கத்தை நாங்களே பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்த்திருந்தோம். ஆனாலும் அவர்கள் வக்கீல் மூலப்பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்து இல்லாததைக் கண்டுபிடித்து, அவரை வரவழைத்துக் கையெழுத்து வாங்க வைத்தார்.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வட்டி மானியத்துக்கும் இவர்கள் மூலமாகவே விண்ணப்பித்திருக்கிறோம். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீடு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் 1,80,000 வரை ஐந்து தவணையாக வரும். முதல் தவணை இன்னும் வரவில்லை.

இப்போது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஆரம்பித்துவிட்டோம். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி, ஸ்கோர் ஏறியதும் கடனை வங்கிக்கு மாற்றப் போகிறோம். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி முடிக்க அபராதம் இல்லை.

அந்தத் தம்பி வேறு கிளைக்கு மாற்றலாகிவிட்டார். நீங்கள் இப்படி ஒரு நிறுவனத்துக்குப் போனால், உங்கள் கடைக்கு ஆள் வந்து உட்கார்ந்து கணக்கெடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். வருவோம் என்றால் கூட்டம் இருக்கும் நேரத்துக்கே வரச் சொல்லுங்கள்.