மெட்ஃபோர்ட் டு கிரேட்டர் லேக் வேன் டூர்: வண்டிக்கு 2 ஸ்டார், கதை சொன்ன பெரியவருக்கு 5

அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, அமெரிக்காவோட ஆரிகன் மாநிலத்துல இருக்கிற ஒரே நேஷனல் பார்க்க காட்டாம அனுப்பக்கூடாதுன்னு கிரேட்டர் லேக் (Crater Lake, எரிமலைக் குழில உண்டான ஏரி) பிளான் போட்டோம். நானே கார் ஓட்டியிருக்கலாம்தான், ஆனா ஏரியச் சுத்தி மேட்டுல போற அந்த 33 மைல் ரோட்டுல நிறைய இடத்துல தடுப்பே கிடையாது, எட்டிப் பாத்தா நேரா பள்ளம், இதுல அம்மா பக்கத்துல உக்காந்துட்டு "பாத்துடா பாத்துடா"ன்னு சொல்லிட்டே வந்தா நான் ஓட்டுன மாதிரிதான். அதான் மெட்ஃபோர்ட்ல இருந்து கூட்டிட்டுப் போற ஒரு சின்ன வேன் டூர்ல புக் பண்ணேன். பேர் வேணாம், திட்டவும் போறேன் பாராட்டவும் போறேன்.

முதல்ல திட்டிடறேன். காலைல 7 மணிக்கு வர்றோம்னாங்க, வந்தது ஏழே முக்கால். போன் பண்ணா எடுக்கல. ஏசி முன் சீட்டுக்கு மட்டும்தான் வேலை செஞ்சுது, கடைசி சீட்ல இருந்த எங்களுக்கு வெறும் சத்தம். மதிய சாப்பாடு சேத்துதான் காசுன்னு போட்டிருந்தாங்க, வந்தது பிளாஸ்டிக் டப்பால ஜில்லுனு ஒரு சாண்ட்விச்சு, அதுவும் வெஜ்னு சொல்லி புக் பண்ண எங்களுக்கு டர்க்கி. அம்மா கொண்டு வந்திருந்த புளியோதரைதான் காப்பாத்துச்சு. எங்க டிக்கெட் காசுக்கு ஒரு நாள் வாடகைக் கார் எடுத்து பெட்ரோலும் போட்டு மிச்சம் கூட பிடிச்சிருக்கலாம்.

ஆனா வண்டி ஓட்டுனவரும் கைடும் ஒரே ஆள், எழுபது வயசுக்கு மேல இருக்கும், அவருக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுதறேன். மனுஷன் மைக் கூட இல்லாம ஒன்றரை மணி நேரம் கதை சொல்லிட்டே வந்தாரு, அதுவும் ஒரே ஆளோட கதை, வில்லியம் கிளாட்ஸ்டோன் ஸ்டீல்னு ஒருத்தர்.

1870ல கன்சாஸ்ல ஸ்கூல் பையன் இந்த ஸ்டீல். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தப் பிரிக்கிறான், சுத்தியிருந்த நியூஸ்பேப்பர்ல ஆரிகன் மலைக்குள்ள ஆழமா முங்கிக் கெடக்கிற ஒரு ஏரியப் பத்தி செய்தி. படிச்சதுல இருந்து அத எப்படியாவது பாத்துடணும்னு கிறுக்கு பிடிச்சிடுச்சு. இந்த எடத்துல எங்கப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "சுண்டல் தீந்தா பொட்டலத்தப் பிரிச்சுப் படிக்கிற கோஷ்டி போல இருக்கே, நானும் அப்படித்தான்டா, ஆனா எனக்கு எப்பவும் பாதிக் கதைலயே பேப்பர் கிழிஞ்சிருக்கும்"னாரு. அத கைடுகிட்ட இங்கிலீஷ்ல சொல்லிப் புரிய வெக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.

ரெண்டு வருஷத்துல குடும்பம் போர்ட்லாண்டுக்கு வந்துடுச்சு, ஆனா ஏரிய நேர்ல பாத்தது 1885லதான். பதினஞ்சு வருஷம்! பாத்த உடனே முடிவு பண்ணிட்டாரு, இது யாரோட சொத்தாவும் ஆகக்கூடாது, பொதுவா இருக்கணும்னு. கையெழுத்து வாங்கி மனு அனுப்பி, அடுத்த வருஷமே பிரசிடெண்ட் க்ளீவ்லாண்ட் ஏரியச் சுத்தி இருந்த நிலத்த யாரும் பட்டா போட முடியாதபடி ஒதுக்கி வெச்சாரு. ஆனா நேஷனல் பார்க் ஆக இன்னும் 16 வருஷம் இழுத்துச்சு, ஆடு மேய்க்கிறவங்க ஒரு பக்கம், மரம் வெட்டறவங்க ஒரு பக்கம் எதிர்ப்பு, இவரு கைக்காசப் போட்டு லெட்டர் எழுதிட்டே இருந்திருக்காரு. கடைசியா 1902 மே 22ல பிரசிடெண்ட் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்து போட்டாரு. நம்மூர்ல ஒரு பட்டா மாத்தறதுக்கு அலைஞ்சவங்களுக்கு இந்த ஆளோட பொறுமை புரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1886 சர்வே கதை. அரசாங்க சர்வேல கேப்டன் டட்டன் தலைமை, ஸ்டீலும் கூட. போர்ட்லாண்ட்ல போட் செஞ்சு, ரயில்லயும் அப்புறம் குதிரை வண்டிலயும் ஏத்தி, மலை மேல கொண்டு வந்து, அரை டன் எடை இருக்கிற அந்தப் படகக் கயிறு கட்டி செங்குத்தான சரிவுல ஏரிக்குள்ள இறக்கியிருக்காங்க. படகு பேரு க்ளீட்வுட். பியானோ கம்பில எடையக் கட்டி உள்ள விட்டு 168 எடத்துல ஆழம் பாத்தாங்க, அதிகபட்சம் 1,996 அடின்னு வந்துச்சு. இன்னிக்கு சோனார் (ஒலி அலை அனுப்பி ஆழம் பாக்கற கருவி) வெச்சு அளந்தா 1,943. வெறும் கம்பிய வெச்சுட்டு 53 அடிதான் தப்பு, என்னோட ஜிபிஎஸ் அன்னிக்கு எங்கள ஏரிக்கு நடுவுலயே காட்டிட்டு இருந்துச்சு.

அப்பா சும்மா இருப்பாரா, "ஸ்டீலுக்கு முன்னாடி இங்க யாரும் இல்லையா"ன்னு கேளுடான்னாரு. கைடு சளைக்கல. 1853லயே தங்கம் தேடி வந்த ஹில்மேன்னு ஒருத்தர் பாத்து டீப் ப்ளூ லேக்னு பேரு வெச்சிட்டுப் போயிட்டாராம், அவரு ஏறி வந்த கோவேறு கழுதை விளிம்புல நின்னதாலதான் பள்ளத்துல விழாம தப்பிச்சாருன்னு சொல்றாங்க. ஆனா இந்தப் பகுதியோட பூர்வகுடிகளான கிளமாத் மக்கள் அதுக்கெல்லாம் பல ஆயிரம் வருஷம் முன்னாடியே இங்க இருந்தவங்க, மசாமாங்கிற எரிமலை வெடிச்சு உள்ள சரிஞ்சு இந்தக் குழி உண்டானது சுமார் 7,700 வருஷம் முன்னாடி, அத பாதாளத்து தேவன் லாவோவும் வானத்து தேவன் ஸ்கெல்லும் போட்ட சண்டையா அவங்க இன்னும் கதை சொல்றாங்க. ஆரிகன்லயே இருக்கிற ஃபோர்ட் ராக் குகையில அந்தச் சாம்பலுக்கு அடிலயே மனுஷங்க போட்ட நார்ச் செருப்பு கெடச்சிருக்கு. இத நாங்க கேட்டாத்தான் சொன்னாரு, அதுதான் அவர் மேல என் ஒரே குறை. தானா சொல்லியிருக்கணும்.

இன்னொண்ணு, ஸ்டீல சாமியா ஆக்காம விட்டாரு, அது பிடிச்சுது. முதல்ல ஏரில மீனே கிடையாது, ஏன்னா உள்ள வர்ற ஆறும் இல்ல வெளிய போற ஆறும் இல்ல, பனியும் மழையும்தான் தண்ணி. ஸ்டீல் 1888ல 600 ட்ரவுட் மீன் குஞ்சுகள வாளில தூக்கிட்டு வந்தாரு, உயிரோட சேந்தது 37. அப்புறம் அதுக்குத் தீனியா கொண்டு வந்து விட்ட நண்டு மாதிரி க்ரேஃபிஷ் பெருகி, இந்த ஏரில மட்டுமே இருக்கிற ஒரு வகை நியூட்ட (பல்லி மாதிரி இருக்கிற, தவளைக்குச் சொந்தமான உயிரி) அழிச்சிட்டு இருக்கு. மேல இருந்து தண்ணிக்கு லிஃப்ட் போடணும்னு கூட ஸ்டீலுக்கு ஆசையாம். காப்பாத்துன அதே ஆளுதான்! நல்லவேளை லிஃப்டுக்கு யாரும் காசு குடுக்கல.

ஏரி எப்படின்னு கேட்டா என்ன சொல்ல, அந்த நீலத்த போன் கேமரா பிடிக்கவே மாட்டேங்குது, ஃபில்டர் போட்ட மாதிரி ஆயிடுது. வண்டிய ஏழு எட்டு எடத்துல நிறுத்துனாரு, எங்கயும் அவசரப்படுத்தல, அம்மா மட்டும் விளிம்புக்கு வராம வேன்லயே கதவப் பிடிச்சுட்டு நின்னாங்க.

புக் பண்றவங்களுக்கு: இந்த டூர்ல கீழ தண்ணிகிட்ட போக மாட்டாங்க. கீழ இறங்க க்ளீட்வுட் பாதை ஒண்ணுதான், ஆமா அந்தப் படகு பேருதான், அதுலயும் ரிப்பேர் வேலை இருக்கிறதால பார்க் வெப்சைட்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சாப்பாடு கைல எடுத்துட்டுப் போங்க. ஸ்வெட்டர் ஆகஸ்ட்லயும் வேணும். அப்புறம் வண்டி ஏரிய கடிகார முள்ளு பக்கமாத்தான் சுத்துது, வலது பக்க ஜன்னல் சீட்ட பிடிச்சிருங்க, நாங்க இடது பக்கம் உக்காந்து பாதி நேரம் பாறையத்தான் பாத்தோம்.