பபுள் சிபாப்பா, ஹைஃப்ளோவா? குறைமாதக் குழந்தையின் முதல் நாட்களுக்கு எது

"இன்னா சிஸ்டர், பாட்டில்ல தண்ணி கொதிக்குது?"

காசிமேட்டிலிருந்து பேரனைப் பார்க்க வந்த ஆயா கேட்டார். 30 வாரத்தில் பிறந்தவன். எடை 1,250 கிராம். "கொதிக்கல ஆயா, அவனுக்குப் போற காத்து அது வழியாத்தான் வெளிய வருது" என்றேன். குழாயின் முனை தண்ணீரில் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் நுரையீரலுக்கு 5 செ.மீ. தண்ணீரின் அழுத்தம். பபுள் சிபாப் என்பது இவ்வளவுதான். காற்றுப்பைகளை ஒட்டவிடாமல் வைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதாத குறைமாத நுரையீரலில், மூச்சை வெளியே விட்டதும் அவை ஒட்டிக்கொள்ளும். அவற்றை மூடவிடாமல் தாங்குவது இந்த அழுத்தம்.

ஹைஃப்ளோ என்ற இன்னொரு மிஷினும் சூடும் ஈரமுமான காற்றைத்தான் மூக்கு வழியே தருகிறது. ஆனால் அதன் மெல்லிய குழாய் மூக்கை அடைக்காது. உள்ளே எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்பது நமக்குத் தெரியாது. மற்றபடி சுகமானது. மூக்கில் புண் குறைவு, குழந்தையின் முகம் தெரியும், அம்மாவின் மார்பில் கங்காரு முறையில் படுக்கவைப்பது எளிது.

அப்படியானால் முதலிலேயே ஹைஃப்ளோ வைத்தால் என்ன? 2016-இல் வெளியான ஹிப்ஸ்டர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. 28 வாரத்திலோ அதற்குப் பிறகோ பிறந்த 564 குறைமாதக் குழந்தைகள். ஹைஃப்ளோ பலனளிக்காமல் போனது 25.5 சதவீதம் பேருக்கு, சிபாப்பில் 13.3 சதவீதம்தான். ஹைஃப்ளோவில் திணறியவர்களைச் சிபாப்புக்கு மாற்ற முடிந்ததால், மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கும் தேவையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பக்கத்திலேயே சிபாப் காலியாக இருந்தால்தான் ஹைஃப்ளோவை நம்பி இறங்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, எல்லாப் பெட்டியும் நிறைந்த வார்டில், அப்படிக் காலியாக இருக்குமா?

"பெரிய மிஷின் வெக்கலியா?" என்று கேட்காத குடும்பமே கிடையாது. வென்டிலேட்டர் உயிர் காக்கும், மறுக்கவில்லை. ஆனால் தானாக மூச்சுவிடும் குழந்தைக்கு அது மேலான சிகிச்சை ஆகாது, நுரையீரலைப் புண்ணாக்கலாம். சிபாப்பிலும் அபாயம் உண்டு. 25 முதல் 28 வாரத்தில் பிறந்த குழந்தைகளை வைத்து நடந்த 2008 ஆய்வில், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தது சிபாப் குழுவில் 9 சதவீதம், வென்டிலேட்டருக்குக் குழாய் போட்ட குழுவில் 3 சதவீதம். ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போனால் சர்ஃபாக்டன்ட் தரத் தாமதிக்கக் கூடாது.

சிபாப்பின் உண்மையான குறை, அதற்கு ஆள் வேண்டும் என்பது. ஒருமுறை இரண்டு பேர் பார்க்க வேண்டிய டூட்டியை நான் ஒருத்தியாகப் பார்த்தேன். விடியற்காலை பிராங்கை, அதாவது மூக்கில் வைக்கும் குட்டிக் குழாயை, விலக்கியபோது ஒரு பெண்குழந்தையின் மூக்குத்தண்டு வெளுத்துப்போயிருந்தது. அன்றிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் இரண்டு மணி நேரத்தைக் கடக்கவிடுவதில்லை. குமிழிச் சத்தம் நின்றால் முதலில் வாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன், பிறகு குழாயைப் பிடித்துவைக்கும் தொப்பி, பிறகு குழாய். வயிறு உப்பினால் வாய்வழியே வயிற்றுக்குப் போட்ட குழாயில் காற்றை எடுத்துவிடுவோம்.

எனவே முதல் நாட்களுக்கு என் தேர்வு பபுள் சிபாப். மூச்சு நிலைப்பட்டு, மூக்கு சிவக்கத் தொடங்கும்போது ஹைஃப்ளோ. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்று சொல்லும் மருத்துவமனைகளுக்கு: ஹைஃப்ளோ மிஷின் காத்திருக்கட்டும். எல்லா அளவிலும் பிராங், அளவான தொப்பி, ராத்திரிக்கு இன்னொரு சிஸ்டர், இவற்றை முதலில் கொடுங்கள்.