ஆபரேஷன் கிறிஸ்துமஸ் சைல்ட்: ஷூ பெட்டியை நிரப்புவதற்கு முன்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் பக்கம் இலையுதிர் காலம் வந்தால் போதும், பிள்ளைகளின் பள்ளிப் பையில் ஒரு துண்டுத் தாள் வந்து சேரும். ஒரு ஷூ பெட்டியில் பொம்மையும் பென்சிலும் வைத்துக் கொடுங்கள், ஏழை நாட்டுக் குழந்தைக்கு அனுப்புகிறோம் என்று. பார்த்தால் மறுக்கவே தோன்றாது. கிறிஸ்தவர் அல்லாத தமிழ்க் குடும்பங்களும் கடைக்குப் போய் வாங்கி நிரப்பிக் கொடுத்துவிடுகின்றன. அந்தப் பெட்டி யார் கைக்கு, எதற்காகப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

ஆபரேஷன் கிறிஸ்துமஸ் சைல்ட் என்ற இந்தத் திட்டத்தை நடத்துவது சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். வட கரோலினாவின் பூன் நகரில் தலைமையகம். 1970இல் பாப் பியர்ஸ் தொடங்கியது, 1979 முதல் புகழ்பெற்ற சுவிசேஷப் பிரசங்கி பில்லி கிரஹாமின் மகன் ஃபிராங்க்ளின் கிரஹாம் தலைவர். ஷூ பெட்டி யோசனை இவர்களுடையது அல்ல. 1990இல் ருமேனியக் குழந்தைகளுக்காக வேல்ஸில் ஒரு தம்பதி ஆரம்பித்தார்கள். 1993இல் இவர்கள் கைக்கு வந்தது. அதிலிருந்து 20 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் போயிருக்கின்றன.

ஏற்பாட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. சாதாரண அளவுள்ள ஷூ பெட்டி ஒன்று எடுத்து, ஆணா பெண்ணா என்றும், 2–4, 5–9, 10–14 என்ற மூன்று வயதுப் பிரிவில் எது என்றும் லேபிளில் குறித்து மேலே ஒட்ட வேண்டும். முதலில் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு பெரிய பொருள், பிறகு நோட்டு, பென்சில், சோப்பு, துணி. கால்பந்து வைத்தால் காற்றை இறக்கிவிட்டு, பம்பும் ஊசியும் கூடவே வைக்க வேண்டும். பலர் பம்பை மறந்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பந்து வெறும் ரப்பர் தோல்தான். மிட்டாய், டூத்பேஸ்ட், திரவம், மருந்து, உடையும் பொருள், பழைய பொருள், துப்பாக்கி பொம்மை எதுவும் கூடாது. டூத்பிரஷ் போகலாம், பேஸ்ட் போகாது. காரணம் சுங்க விதி. மூடியை டேப் போட்டு ஒட்டக் கூடாது. கிடங்கில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்து, கூடாததை எடுத்துவிடுவார்கள். ரப்பர் பேண்ட் போதும். நவம்பர் மூன்றாவது வாரத்தையொட்டி அமெரிக்காவில் சேகரிப்பு வாரம்.

பெட்டியோடு 10 டாலர் நன்கொடையும் கேட்பார்கள், கப்பல் செலவு உள்ளிட்டவற்றுக்கு. ஆன்லைனில் கட்டினால் வரும் லேபிளை ஒட்டியனுப்பினால், பெட்டி எந்த நாட்டுக்குப் போனது என்று பிறகு மின்னஞ்சல் வரும். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு முதல் நெருடல் இங்கேதான். சீனாவில் செய்த பொம்மையை அமெரிக்கக் கடையில் சில்லறை விலைக்கு வாங்கி, கிடங்குக்கு அனுப்பி, கொள்கலனில் ஏற்றி, இன்னொரு கண்டத்தில் இறக்குகிறோம். அதே பென்சிலும் நோட்டும் அந்த ஊர்க் கடையிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. அந்தக் கடைக்காரருக்கும் நாலு காசு போய்ச் சேரும்.

பெட்டிக்குப் பெட்டி வித்தியாசமும் உண்டு. ஒரே வரிசையில் உட்கார்ந்து திறக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்குப் பெரிய பொம்மை, பக்கத்தில் இருப்பவளுக்கு நாலு பென்சிலும் ஒரு சோப்பும். கொடுத்தவர் கையைப் பொறுத்தது அது. எந்த விதிமுறையும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஆனால் முக்கியமான ஆட்சேபம் மதம் சார்ந்தது. பெட்டிகளை விநியோகிப்பவை உள்ளூர்க் கிறிஸ்தவ சபைகள். விழாவில் சுவிசேஷம் சொல்லப்படும், பெட்டியோடு ஒரு சுவிசேஷக் கதைப் புத்தகமும் கொடுக்கப்படும். பிறகு 'தி கிரேட்டஸ்ட் ஜர்னி' என்ற 12 பாடங்கள் கொண்ட வகுப்புக்குக் குழந்தைகளை அழைப்பார்கள். முடிப்பவர்களுக்குச் சான்றிதழும் புதிய ஏற்பாடும். அமைப்பு இதை மறைக்கவில்லை. தன் இணையதளத்திலேயே இதுதான் நோக்கம் என்று பெருமையாக எழுதியிருக்கிறது. பெட்டி நிபந்தனையில்லாமல் கொடுக்கப்படுகிறது என்றும் சொல்கிறது. சரி, ஆனால் பொம்மைக்காக ஓடிவரும் ஆறு வயதுப் பிள்ளைக்கு நிபந்தனைக்கும் அழைப்புக்கும் வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? அந்தப் பிள்ளையின் வீட்டில் வேறு மதம் என்றால், பெற்றோருக்குப் பரிசைத் தடுக்கவும் மனம் வராது, வகுப்புக்கு அனுப்பவும் மனம் வராது. இப்படிப் பரிசைக் காட்டி அழைப்பது முறையா என்று கேட்பவர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள்.

ஃபிராங்க்ளின் கிரஹாம் 2001இல் இஸ்லாமைத் தீய மதம் என்று பேசியதும், 2020இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இவர்கள் போட்ட கோவிட் மருத்துவமனையில் பணியாற்ற வந்தவர்களிடம், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்பது உட்பட்ட விசுவாச அறிக்கையில் ஒப்புதல் கேட்டதும் சிலருக்கு இதோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். பணம் கொடுப்பவர் அதையும் எடைபோடுவது நியாயம்தான்.

பள்ளிகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கலாம். சுவிசேஷப் பணிக்கு என்று தெரிந்தே சர்ச்சில் கொடுப்பவருக்கு இது பொருத்தமான, ஒழுங்காக நடக்கும் சேவை. பொதுப் பள்ளி அதை வெறும் 'ஏழைக் குழந்தைக்குப் பரிசு' என்று சொல்லிச் சேகரித்தால் அது பாதித் தகவல். தெற்கு கரோலினாவின் ஈஸ்ட் பாயிண்ட் அகாடமி என்ற பொதுப் பள்ளி, 2013இல் மதச்சார்பின்மைக்காக வாதாடும் அமெரிக்க மனிதநேயச் சங்கத்திடமிருந்து (American Humanist Association) கடிதம் வந்த பிறகு சேகரிப்பை நிறுத்தியது.

தாள் வீட்டுக்கு வந்தால் ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த அமைப்பு, பெட்டியோடு வேறு என்ன கொடுக்கப்படும்? வேண்டாம் என்று முடிவெடுத்தால் பிள்ளையை மட்டும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள், வகுப்பில் அது தனித்துத் தெரியும். வகுப்பு முழுவதும் சேர்ந்து உள்ளூர் உணவு வங்கிக்கோ யுனிசெஃபுக்கோ கொடுக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் ரோட்டரி கிளப்புகளும் தனியாக ஒரு ஷூ பெட்டித் திட்டம் நடத்துகின்றன. மதப் பிரசுரம் கிடையாது, ஆனால் கப்பல் செலவுக் கேள்வி அதற்கும் உண்டு. ஏற்கெனவே வாங்கி நிரப்பியாகிவிட்டதா? லேபிளைக் கிழித்துவிட்டு, உங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்குப் பொம்மை சேர்க்கும் தீயணைப்பு நிலையத்திலோ பெண்கள் காப்பகத்திலோ கொடுங்கள். காப்பகத்துக்கு என்றால் முன்கூட்டியே போன் செய்து எந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் எப்போதும் பரிசு பற்றாக்குறை.