முறுடுகளைச் சுருக்க: ஜோடி பிடிப்பதா, கட்டம் வரைவதா?

மாலையில் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேருக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். மெய்யெண்கள் பாடத்தில் முறுடுகள் (√2, √8 போல, முழு எண்ணாகவோ பின்னமாகவோ வராத மூலங்கள்) வந்ததும் ஆறு வருடமாக ஜோடி பிடிக்கும் முறையில்தான் ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். போன வருடம் கட்டம் போட்ட தாளுக்கு மாறினேன். இனி திரும்பிப் போகப் போவதில்லை, ஆனால் ஜோடி முறையை அடியோடு விடவும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஜோடி முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். √72-ஐச் சுருக்க, 72-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2×2×2×3×3, ஜோடிக்கு ஒன்று வெளியே வரும், தனியாக நிற்கும் 2 உள்ளேயே இருக்கும், விடை 6√2. அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம், பரீட்சையில் மதிப்பெண்ணும் வந்துவிடும். இதிலேயே இன்னொரு வகை, பெரிய முழு வர்க்கக் காரணியை நேரடியாகத் தேடுவது: 72 என்றதும் 36×2. வர்க்கங்கள் மனப்பாடமாக இருக்கும் பிள்ளைக்கு வேகமான வழி. மற்றவர்கள் 9×8 என்று பிரித்து 3√8 எழுதி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

கட்ட முறைக்கு இரண்டு மாலைகள் போகும். முதலில் நீளத்துக்கு இரண்டு, அகலத்துக்கு இரண்டு என்று ஒரு சதுரம் போட்டு, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைக்கச் சொல்வேன். உள்ளே சாய்ந்த சதுரம் ஒன்று வரும். மூலைக்கு அரைக் கட்டம் கழிந்தால் மிச்சம் 2 கட்டம், அப்படியென்றால் அதன் பக்கம் √2, அதாவது ஒரே ஒரு கட்டத்தின் மூலைவிட்டம். அப்புறம் 4×4 சதுரத்தில் அதையே செய்தால் 16-இல் மூலைக்கு 2 வீதம் 8 போய், உள்ளே இருப்பது 8 கட்டம், பக்கம் √8. அந்தப் பக்கத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால் அது சரியாக இரண்டு கட்டங்களின் மூலைவிட்டம் வழியாகப் போகிறது. ஆகவே √8 என்பது 2√2. இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை, யாராவது ஒரு பிள்ளை கத்திவிடும். 6×6 போட்டால் √18, அதே மூலைவிட்டம் மூன்று துண்டு. 10×10 போட்டால் √50, ஐந்து துண்டு.

வேகம், மதிப்பெண் இவற்றையெல்லாம் விட நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆறு மாதம் கழித்து ஒரு தப்புப் போட்டால், அந்தப் பிள்ளையே அதைக் கண்டுபிடிக்குமா? இந்தப் பாடத்தில் தப்புகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வரும். √18 + √50 = √68 என்று எழுதுவார்கள். அல்லது 72-இல் ஜோடிகளை வெளியே எடுத்து, பெருக்காமல் கூட்டி 5√2 போடுவார்கள். ஜோடி முறையில் மட்டும் படித்த பிள்ளைக்கு இது தப்பு என்று தெரிய வழியே இல்லை, ஏனென்றால் அதன் கையில் இருப்பது ஒரு விதி, விதி மறந்துபோனால் ஒட்டிப் பார்க்க வேறெதுவும் கிடையாது. ஜூன் மாதம் சிவப்பு மையில் திருத்திய அதே தப்பை ஜனவரி திருப்புதலில் மறுபடி திருத்தியிருக்கிறேன், வருடா வருடம்.

போன ஜனவரியில் ஒரு பெண் √68 என்று எழுதிவிட்டுப் பென்சிலை எடுக்காமல் அப்படியே நின்றாள். மேசை விளிம்பில் விரலால் ஏதோ அளந்தாள். "மூணு துண்டும் அஞ்சு துண்டும் எட்டு துண்டுதானேக்கா?" என்று கேட்டுக்கொண்டே அழித்து 8√2 எழுதினாள். நான் வாயே திறக்கவில்லை. √18 நாலுக்கு மேல், √50 ஏழுக்கு மேல், கூட்டினால் பதினொன்றுக்கு மேல், √68 எட்டே சொச்சம்தான் என்பதை அதற்கப்புறம்தான் பேசினோம். நீளமாகப் பார்த்துப் பழகியதால்தான் அவளுக்கு அது உறுத்தியது என்று நம்புகிறேன்.

விகிதமுறா எண், அதாவது பின்னமாக எழுத முடியாத, தசமம் முடியாமலும் சுழலாமலும் போகும் எண், என்றால் என்ன என்பதற்கும் கட்டம்தான் நல்ல தொடக்கம். கால்குலேட்டரில் √2 போட்டு 1.414213562 என்று வந்து நின்றால் பிள்ளைகள் அது முடிந்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். முடியவில்லை என்று சொன்னாலும், 1/17-ஐப் போட்டுப் பார்த்தால் அதுவும் சுழலாதது போலத்தான் தெரியும், சுழல 16 இலக்கம் வேண்டுமே. தாளில் அந்த நீளம் கண் முன்னால் முழுசாக இருக்கிறது. சரி, அதற்குச் சமமான பின்னம் தேடுங்கள் என்று விட்டுவிடுவேன். மேலே உள்ள எண்ணின் வர்க்கம், கீழே உள்ள எண்ணின் வர்க்கத்தைப் போல இரண்டு மடங்காக வர வேண்டும். 7/5: 49, இரண்டு மடங்கு 25 என்றால் 50, ஒன்று குறைகிறது. 17/12: 289, 288, ஒன்று கூடுகிறது. பழைய இந்திய வடிவக்கணித நூலான பௌதாயன சுல்ப சூத்திரத்தின் மூலைவிட்டக் கணக்கு தருவது 577/408. பெருக்கிப் பார்த்தால் 332929, 332928. அங்கேயும் ஒன்று!

"அடுத்ததுல சரியா வந்துருமாக்கா?" என்று கட்டாயம் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குக் கட்டத்தாளில் பதில் இல்லை. ஜோடி முறையில்தான் இருக்கிறது: ஒரு வர்க்க எண்ணில் எல்லாப் பகாக் காரணிகளுக்கும் ஜோடி இருக்கும், ஒரு வர்க்கத்தின் இரண்டு மடங்கில் ஒரு 2 எப்போதும் தனியாக நிற்கும், இரண்டும் எப்படிச் சமமாகும்? சுருக்குவதற்கு இயந்திரம் போலச் சொல்லித்தந்த அதே முறை இங்கே காரணமாக வந்து நிற்பதைப் பிள்ளைகள் ரசிக்கிறார்கள்.

பெரிய எண்களுக்கும் அதுதான். √1008-ஐக் கட்டம் போட்டு 12√7 என்று காட்ட முடியாது, யாரும் முயலவும் வேண்டாம். √3 கட்டத்தின் புள்ளிகளில் உட்காராது, √2 நீளக் கோட்டின் முனையில் செங்குத்தாக 1 எழுப்பி வரைய வேண்டியிருக்கும். கனமூலங்களுக்கு நான் இன்னும் படம் எதுவும் முயன்று பார்க்கவில்லை, அங்கே ஜோடிக்குப் பதில் மூன்று மூன்றாக எடுத்துத்தான் சொல்லித்தருகிறேன். நாற்பது பேர் இருக்கும் வகுப்பறையில் கட்டத்தாள் எப்படிப் போகும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, நான் பார்த்தது எட்டுப் பேரை, ஒரு வருடம். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்து சேரும் பிள்ளைக்கு நானே ஜோடி முறையைத்தான் சொல்வேன். ஜூனில் வருபவர்களுக்கு முதல் இரண்டு மாலையும் கட்டத்தாளும் பென்சிலும்தான், பகாக் காரணி மூன்றாவது நாள்.