தலைகீழ் வகுப்பா, சக மாணவர் விவாதமா? மெக்கானிக்ஸ் பாடத்துக்கு எது தோது

கரும்பலகை விரிவுரையை மட்டும் நம்பினால் அரியர் குறையாது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட கணக்கில், விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றனர். மாணவர்களையே வேலை செய்ய வைக்கும் வகுப்புகளில் 21.8. அறுபது பேரும் ஐம்பது நிமிட பீரியடும் கையில் இருக்க, எதற்கு மாறுவது?

பலரும் முதலில் பிடிப்பது தலைகீழ் வகுப்பை: வீட்டில் வீடியோ, வகுப்பில் கணக்கு. சறுக்குவது முதல் வாரத்திலேயே. பாதிப் பேர் பார்க்காமல் வருவார்கள். ஆசிரியர் மனமிரங்கி மறுபடி நடத்துவார். அடுத்த வாரம் பார்த்தவர்களும் பார்க்க மாட்டார்கள். வீடியோ பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நுழைந்ததும் மூன்று கேள்வி, அதற்கு இன்டர்னலில் மதிப்பெண் வேண்டும். ஃப்ரீ பாடி டயகிராம் (பொருளைத் தனியாகப் பிரித்து அதன்மேல் உள்ள விசைகளை வரையும் படம்), டிரஸ் (truss, கம்பிகளை முக்கோணங்களாகக் கோத்த சட்டகம்) போன்ற, கை பழக வேண்டிய பகுதிகளுக்கு இது நல்லது. தயாரிப்பு வேலைதான் முதுகை ஒடிக்கும்.

சக மாணவர் விவாதம் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் தொடங்கியது. வீடியோ வேண்டாம், நல்ல கேள்வி போதும். இதோ ஒன்று: தரையில் 100 நியூட்டன் எடையுள்ள பெட்டி, நிலை உராய்வுக் கெழு 0.4. கிடையாக 20 நியூட்டனில் இழுக்கிறோம். உராய்வு விசை எவ்வளவு?

ஒரு நிமிடம் தனியாக யோசிக்க விடுங்கள். பிறகு ஏ, பி, சி, டி அட்டையை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், பக்கத்து ஆள் பார்த்து எழுதாதபடி. சூத்திரத்தில் போட்டவர்கள் (0.4 × 100) 40 என்பார்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். எத்தனை பேர் எதைத் தூக்கினார்கள் என்றும் காட்டாதீர்கள். காட்டினால் கூட்டம் பெரும்பான்மைப் பக்கம் சாயும். சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் வேறு விடை சொன்னவரோடு மூன்று நிமிடம் பேசட்டும், தமிழிலேயே. “நாற்பதுன்னா பெட்டி பின்னாடி ஓடணுமேடா” என்று யாராவது கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. 40 என்பது உச்சவரம்பு. நகராத பெட்டியில் உராய்வு 20தான். மறுபடி அட்டை, பிறகு விளக்கம். முதல் சுற்றிலேயே சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே போனால் விவாதம் வீண், திரும்ப நடத்துங்கள்.

ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம் போகும். பீரியடுக்கு மூன்று, நான்கு கேள்விக்கு மேல் ஓடாது. சிலபஸில் கொஞ்சத்தை வாசிக்கச் சொல்லி ஒதுக்கியே ஆக வேண்டும்.

மூன்றாவது வழியும் உண்டு: குழுவாக ஒரு வேலையைச் செய்தே கற்கும் புராஜெக்ட் வழிப் படிப்பு. அது டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியதிலிருந்து கட்டிக் காத்த முறை. ஒரே பாடத்தில் ஒரே ஆசிரியர் முயன்றால் ஒருவர் செய்வார், நான்கு பேர் பெயர் போடுவார்கள்.

மெக்கானிக்ஸுக்கு விவாதத்தில் தொடங்குவதே மேல். டிரஸ் வரும்போது இரண்டு வாரம் தலைகீழாக்கலாம். ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் 2019இல் வந்த ஆய்வில், தாங்களே வேலை செய்து படித்தவர்கள் கூடுதலாகக் கற்றும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். ஃபீட்பேக் படிவத்தில் அது தெரியும். ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், துறைத் தலைவரிடமும்.