காலுக்காகக் கட்டிய பாட்டு: 'பூட் ஸ்கூட்டின் பூகி'

அமெரிக்காவின் கன்ட்ரி (கிராமியப் பாணி) இசை இரட்டையரான புரூக்ஸ் அண்ட் டன் 1991-இல் வெளியிட்ட 'பிராண்ட் நியூ மேன்' தொகுப்பிலுள்ள 'பூட் ஸ்கூட்டின் பூகி' பாடலை உட்கார்ந்து கேட்டால், குதூகலமான மதுக்கூடப் பாட்டு என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தோன்றாது. எழுந்து வரிசையில் நின்றால்தான் அதன் அருமை விளங்குகிறது.

இரட்டையரில் ஒருவரான ரானி டன் எழுதிய இந்தப் பாடலை 'அஸ்லீப் அட் த வீல்' இசைக்குழுவினர் 1990-இலேயே பதிவுசெய்துவிட்டனர்; கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த பில் பேடர் இதே பெயரிலான வரிசை நடனத்தை (எல்லோரும் வரிசைகளில் நின்று ஒரே அடிகளை ஒன்றாக ஆடுவது) அமைத்ததும் அந்தப் பதிவுக்காகத்தான். ஆக, 1992-இல் இரட்டையரின் குரலில் தனிப்பாடலாக வெளிவந்து பில்போர்ட் இதழின் கன்ட்ரி பாடல் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றபோது, ஆட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

பாடலில், வேலை முடிந்ததும் ஊர் எல்லைக்கு அப்பாலுள்ள மதுக்கூடத்துக்கு வண்டியை விரட்டும் ஒருவன், அங்கே யோக்கியரும் அயோக்கியரும் ஒரே தளத்தில் ஆடுவதைக் காண்கிறான். துணை தேட வேண்டிய தேவை இல்லாத, யாரும் வந்து சேர்ந்துகொள்ளக்கூடிய வரிசை நடனத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது. பல்லவியோ குதிகால், கால்விரல் என்று பாதங்களுக்கே கட்டளை இடுகிறது. அதே மூச்சில் வரும் 'டோ-சி-டோ' மட்டும் இருவர் ஒருவரையொருவர் சுற்றிவரும் சதுர நடன அசைவு. வரிசையில் அதற்கு வேலையே இல்லை. சந்தத்துக்காக வந்து ஒட்டிக்கொண்ட சொல் என்று விட்டுவிடலாம்.

வரிசை நடனங்களில் பெரும்பாலும் ஒரு சுற்று முடிந்ததும் கால் பங்கு வட்டம் (90 பாகை) திரும்பி, அதே அடிகளை அடுத்த சுவரைப் பார்த்து ஆட வேண்டும். முன்னால் நிற்பவர்களைப் பார்த்து ஆடிவிடலாம் என்று கடைசி வரிசையில் ஒளிந்துகொண்ட நான், இரண்டு சுற்று முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் நின்றேன்! அப்போது கைகொடுத்தது இந்தப் பாட்டின் தாளம்தான். ஒவ்வொரு அடியும் எங்கே விழ வேண்டும் என்பதை அது அவ்வளவு தெளிவாகச் சொல்வதால், தவறவிட்ட அடியை நான்கு எண்ணுவதற்குள் பிடித்துவிட முடிகிறது. தாளம் மங்கலான பாடல்களில் ஒரு முறை தவறினால் தவறியதுதான்.

1993-இல் 'ஹார்ட் வொர்க்கின் மேன்' தொகுப்பில் இடம்பெற்ற கிளப் கலவையை (நடன விடுதிகளுக்காக மாற்றியமைத்த வடிவம்) நான் பரிந்துரைக்க மாட்டேன். நீட்டப்பட்டதில் பாட்டின் சிக்கனம் போய்விட்டது. 2019-இல் மிட்லாண்ட் குழுவுடன் சேர்ந்து பாடிய வடிவம் கேட்க இனிமையானது, ஆனால் கற்றுக்கொள்பவர் 1991-ஆம் ஆண்டுப் பதிவிலேயே தொடங்கலாம். காலணியிலும் கவனம் வேண்டும்: ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்வித் திரும்பவிடாது, வழவழப்பான தோல் அடிப்பாகம்தான் சரிப்படும்.